உதவிக்குப் போகும் பிள்ளைகள்: தோட்டப் பட்டணத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப் பட்டணத்துக்கு நீங்கள் இப்போதுதான் குடிவந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செம்பனை எண்ணெய் மில்லில் வேலை கிடைத்து வந்திருக்கலாம். நாலைந்து ஏக்கர் செம்பனை வாங்கியிருக்கலாம். கல்யாணம் கட்டி வந்திருக்கலாம். வீட்டில் 10 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் பிள்ளைகள் இருந்தால் இதை உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருடம் டிரசராக இருந்து காயம் கட்டியவன் நான். எந்தக் காயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவருக்கு பூட்ஸ் கொடுக்கிறார்கள், கையுறை கொடுக்கிறார்கள், பார்த்துக்கொள்ள மண்டோர் என்ற மேற்பார்வையாளர் இருக்கிறார், அடிபட்டால் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு உதவிக்குப் போகும் 14 வயதுப் பையனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஜப்பான் சிலிப்பரோடு காட்டுக்குள் போவான். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. குலைக்கு இவ்வளவு, உதிரிப் பழம் மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் சம்பளத்தில் கூட ஒரு கை இருந்தால் காசு கூடும். அதனால்தான் பிள்ளைகள் போகிறார்கள். இதற்காகத் தாய் தகப்பனைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சட்டமும் கம்பெனியும் பார்க்காத இந்த இடத்தில் வீடுதான் விதி போட வேண்டும். அந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் படி: வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்யலாம். அடுப்படிக்குப் பின்னால், குளியலறைப் பலகைமேல், கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில், மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் பாருங்கள். ஆரஞ்சுத் தண்ணி போத்தல் ஒன்று இருக்கும். பாதி வரைக்கும் ஏதோ கலங்கலாக நிற்கும், மூடி வேறு போத்தலுடையதாக இருக்கும். முன்பு குடியிருந்தவர் கடைசியாக அடித்த புல் மருந்தின் மிச்சம் அது. நாலு வயதுக் குழந்தைக்கு அது பானம். விளையாடிவிட்டு வியர்த்து வரும் 12 வயதுப் பிள்ளைக்கும் அது பானம்தான்.

வீட்டில் புல் மருந்து, பூச்சி மருந்து எதுவும் இருக்கக் கூடாது. சொந்த நிலம் இருப்பதால் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி பெரியவர் ஒருவரிடம் மட்டும். வாங்கிய டின்னிலேயே, லேபிளோடு இருக்கட்டும், வேறு போத்தலுக்கு மாற்றவே வேண்டாம். மலேசியாவில் விற்கும் மருந்து லேபிளில் ஒரு நிறப்பட்டை போட்டிருப்பார்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலமும் வெள்ளையும் அதைவிடக் குறைவு. நீலப் பட்டைதானே என்று அசட்டையாக இருக்கவும் கூடாது, குடித்தால் அதுவும் உயிருக்கு ஆபத்துதான். பாராகுவாட் என்ற புல் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதைக் குடித்தவருக்கு மாற்று மருந்து கிடையாது, நுரையீரல் நாளுக்கு நாள் கெட்டுப்போகும். பழைய கொட்டகையில் அந்த டின் கிடந்தால் திறக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். மாவட்ட விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

காலி டின்னை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரை மருந்துப் பம்பிலேயே ஊற்றிவிட்டு, டின்னில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத டின் என்றைக்காவது தண்ணீர் பிடிக்கும் வாளியாகவோ அரிசி போட்டு வைக்கும் பாத்திரமாகவோ மாறிவிடும்.

மருந்து அடித்துவிட்டு வருகிறவர் அந்த உடுப்போடு கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. வாசலிலேயே கழற்றி, குளித்துவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியைப் பள்ளி யூனிஃபார்மோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பல வீடுகளில் அந்தத் துணியைத் துவைப்பது பெரிய பெண்பிள்ளைதான். அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

தோலில் பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாக 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அதேபோல் நேரம் எடுத்துக் கழுவ வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரோ பாலோ கொடுக்காதீர்கள். அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள், டின்னையும் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். பினாங்கு யு.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அங்கே போன் கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் இருக்கும் இடத்தைப் போனில் சொல்லப் பழகுங்கள்

ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் செம்பனைக் காடு எல்லாம் ஒரே மாதிரிதான். "பெரிய செம்மண் ரோட்டில் வாங்க" என்று சொன்னால் அவர் எங்கே போவார்? தோட்டங்களில் ஒவ்வொரு பிளாக்குக்கும் எண் உண்டு, முனையில் பலகையோ கல்லோ இருக்கும். தோட்டத்தின் பெயர், பிரிவு, பிளாக் எண், எந்த மெயின் ரோட்டு கேட் வழியாக உள்ளே வர வேண்டும் என்ற நான்கையும் உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், ஒருவரை மோட்டாரில் அந்த கேட்டுக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்காக நிற்க வையுங்கள். இதை மட்டும் செய்தாலே எவ்வளவோ நேரம் மிச்சம்.

காட்டுக்குள் போனில் லைன் கிடைக்காத இடங்கள் உண்டு. எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்று அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய காயங்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் வழி தெரிந்திருக்கட்டும்.

பிள்ளைகளின் ஊசி அட்டையையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். 15 வயதில், படிவம் 3 படிக்கும்போது, பள்ளியிலேயே டெட்டனஸ் ஊசி போடுவார்கள். பள்ளி மாறி வந்த பிள்ளைகள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். முள்ளும் துருவும் மண்ணும் உள்ள ஊரில் அந்த ஊசி இல்லாமல் இருக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் போடுவார்கள்.

மூன்றாம் படி: வயதைப் பார்த்து எல்லை போடுங்கள்

சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 1966-இலேயே வந்தது, 2019-இல் திருத்தம் நடப்புக்கு வந்தது. அதன்படி 15 வயது நிரம்பாதவர் சிறார், 15 முதல் 18 நிரம்பும் வரை இளையர். சிறாருக்கு லேசான வேலை மட்டும்தான், அதுவும் 13 வயதிலிருந்துதான். இரவு 8 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் அவர்களை வேலை வாங்கக் கூடாது. பள்ளி நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்து 7 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இளையருக்குப் பள்ளியோடு சேர்த்து 8 மணி நேரம், பள்ளி இல்லாவிட்டால் 7 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். ஆபத்தான வேலை இரண்டு வயதினருக்குமே கூடாது.

வீட்டில் சொல்வதற்கு இதை இன்னும் எளிதாக்கித் தருகிறேன். 13 வயதுக்குக் கீழ் காட்டுக்குள்ளேயே கூட்டிப்போக வேண்டாம். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடமோ பாட்டியிடமோ விடுங்கள். 13 முதல் 15 வரை, வெட்டி முடித்த இடத்தில் உதிரிப் பழம் பொறுக்கலாம், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், கணக்கு எழுதலாம். 18 ஆகும்வரை மருந்து அடிப்பது, மருந்து கலக்குவது, கழி பிடித்துப் பழம் வெட்டுவது, டிரக்டர் ஓட்டுவது, புல்வெட்டும் மிஷின் பிடிப்பது எதுவும் வேண்டாம். மகன் உயரமாக, பலசாலியாக இருக்கிறான் என்பது காரணமாகாது. மருந்து அடிக்கும் பம்பைத் தூக்குவதற்குப் பலம் இருக்கிறதா என்பது இங்கே பேச்சு இல்லை, அதன் சாரல் நுரையீரலுக்குள் போகிறதே, அதுதான் பேச்சு.

கித்தா (ரப்பர்) மரம் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பால் மரம் வெட்டுவது விடியலுக்கு முன்னால் நடக்கும் வேலை. 5 மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிவிட்டு 7 மணிக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வகுப்பில் தூங்கும். வாத்தியார் சோம்பேறி என்று எழுதிவிடுவார். 15 வயதுக்குக் கீழே அது சட்டப்படியும் தப்பு. பாலை உறைய வைக்கும் அசிட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். பட்டுவிட்டால் வேறு எதையும் தேய்க்காமல் 20 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்காம் படி: செம்பனைக்குக் கீழே நிற்கும் முறை

நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழம் வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெயில் கண்ணில் அடிக்கும், கழியின் நுனியில் அரிவாள் ஆடும், கவனமெல்லாம் மேலே. கீழே பழம் பொறுக்கும் பிள்ளை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. முதலில் மட்டை விழும், அப்புறம் குலை விழும். ஒரு குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை வரும், முதிர்ந்த மரத்தில் அதற்கு மேலும் வரும். இரண்டு மாடி உயரத்திலிருந்து அது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குலை நேராகக் கீழேயும் விழாது, மட்டைக் கட்டையில் பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அறுத்த வேகத்தில் அரிவாளும் கழியோடு சரிந்து வரும்.

அதனால் விதி இதுதான்: வெட்டிக்கொண்டிருக்கும் வரிசையில் பிள்ளை கால் வைக்கக் கூடாது, வெட்டி முடித்த வரிசையில்தான் பொறுக்க வேண்டும். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவார்கள். இரண்டு மரம் தள்ளி நின்றால் போதுமான தூரம் கிடைத்துவிடும். அப்பா கழியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு "வாடா" என்று குரல் கொடுத்த பிறகுதான் கிட்டே வர வேண்டும். குரல் வராமல் வரக் கூடாது என்பதைப் பிள்ளைக்கும், குரல் கொடுக்காமல் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது என்பதை அப்பாவுக்கும் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்வதுதான் கஷ்டம், ஆனால் அம்மா சொன்னால் கேட்பார்கள்.

காலுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கைக்குத் தடித்த கையுறை, தலைக்கு ஹெல்மெட். பட்டணத்தில் உள்ள இரும்புச் சாமான் கடையில் பிள்ளை அளவுக்கு பூட்ஸ் கிடைக்கிறது. அப்பாவுடைய பழைய பூட்ஸில் பேப்பர் திணித்துப் போட்டுவிட வேண்டாம், அது ஓடும்போது கழன்றுகொள்ளும். உதிரிப் பழ மூட்டையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வளரும் முதுகு அது.

செம்பனை முள் குத்தியதை ஊசியால் தோண்டி எடுப்பது நம் வழக்கம். மேல்தோலில் நிற்கும் முள் என்றால் சரி. விரல் மூட்டில் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டால் தோண்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் விரல் வீங்கி மடக்க முடியாமல் போனால் சீழ் மூட்டுக்குள் இறங்கியிருக்கலாம். கிளினிக்குக்குப் போய், செம்பனை முள் என்றே சொல்லுங்கள்.

கண்ணில் தூசி, பழச் சிம்பு, மட்டைத் துகள் விழுவது தினமும் நடப்பதுதான். சுத்தமான தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். மறுநாளும் கண் சிவந்து, வெளிச்சம் கூசினால் தாமதிக்காதீர்கள். செடி கொடியால் கண்ணில் ஏற்படும் கீறலில் பூஞ்சை பிடிக்கும். கடையில் வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும், அது அந்தப் பூஞ்சையை வளர்த்துவிடும். தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். பாட்டிமார் அன்போடுதான் சொல்வார்கள், அவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியக் கழியை நீட்டினால் 10 மீட்டரையும் தாண்டும், அது கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் தப்புவது அபூர்வம். கம்பிக்குக் கீழே உள்ள மரங்களில் அலுமினியக் கழி வேண்டவே வேண்டாம். யாருக்காவது மின்சாரம் பிடித்துவிட்டால் பிள்ளை ஓடிப்போய்த் தொடக் கூடாது, விலகி நின்று ஆள் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் ஒருமுறை நடித்தே காட்டிவிடுங்கள். அப்பா விழுவதைப் பார்க்கும் பிள்ளை யோசித்து நிற்காது.

ஐந்தாம் படி: வண்டியும் குட்டையும்

டிரக்டரில் ஒரு சீட்டுதான் உண்டு. மட்கார்டில் உட்காருவதும், பின்னால் இணைப்புக் கம்பியில் நிற்பதும், டிரெய்லரில் பழக் குவியல்மேல் ஏறி வருவதும் கூடாது. சரிவில் டிரக்டர் கவிழ்ந்தால் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வருகிறவர்தான் அடியில் சிக்குவார். பழம் கொட்டும் ரேம்ப் மேடைப் பக்கம் பிள்ளைகள் விளையாடக் கூடாது, லாரி பின்னால் வரும்போது டிரைவருக்குச் சின்னப் பிள்ளை தெரியாது. புல்வெட்டும் மிஷின் ஓடினால் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கல் தெறிக்கும்.

மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும். தோட்டத்து ரோடுதானே, போலீஸ் வராதே என்று 13 வயதுப் பையன்கள் ஓட்டுகிறார்கள், பின்னால் தம்பி தங்கை வேறு. செம்மண் ரோட்டில் மழைக்குப் பிறகு பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டுதான் போகும். 16 ஆனதும் முறையாக லைசன்ஸ் எடுத்துக் கொடுங்கள், சிரிம் தர முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். அதுவரை சைக்கிள் போதும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயம். கிந்தா வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைய. கரையில் முழங்கால் ஆழம் இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் அடி தெரியாத ஆழம். மீன் பிடிக்கப் போகும் பையன்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று மில்லின் கழிவுக் குட்டை. புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது. மேலே எண்ணெய்ப் பிசுக்கும் சக்கையும் காய்ந்து பழுப்பு நிறத்தில் ஏடு கட்டியிருக்கும், சில இடத்தில் புல்கூட முளைத்திருக்கும். பார்த்தால் தரை மாதிரியே தெரியும். பந்து அதன்மேல் விழுந்தால் எடுக்கப் போகிற பிள்ளை உள்ளே போய்விடும். வேலி உடைந்திருந்தால் மில் ஆபீசில் எழுத்தில் கொடுங்கள். கழிவுத் தொட்டி, மூடிய கிணறு போன்றவற்றுக்குள் யாராவது விழுந்தாலும் பின்னாலேயே இறங்கக் கூடாது, உள்ளே நச்சுக் காற்று இருக்கும். 999-ஐக் கூப்பிட்டுத் தீயணைப்புப் படை வேண்டும் என்று கேளுங்கள்.

ஆறாம் படி: காய்ச்சலும் கடியும்

தோட்டப் பட்டணத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கி என்று எல்லாரும் உடனே நினைப்பார்கள், நல்லதுதான். ரத்தச் சோதனை செய்யும் வரைக்கும் பாராசிட்டமோல் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவு வரலாம். ஆனால் இன்னொரு காய்ச்சலைப் பலரும் நினைப்பதில்லை: எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ். செம்பனைக் காட்டில் எலி அதிகம். காலில் சின்னக் கீறலோடு தேங்கிய தண்ணீரில் நடந்தாலே கிருமி ஏறிவிடும். காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, முக்கியமாகக் கெண்டைக்கால் வலி. பையன் நடக்க முடியவில்லை என்பான், பந்து விளையாடிய வலி என்று நாம் எண்ணெய் தேய்த்துவிடுவோம். முதலில் பார்த்தால் சாதாரண ஆண்டிபயாட்டிக்கிலேயே கேட்கும். விட்டுவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். 

டாக்டர் ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்த இளம் டாக்டராக இருப்பார். உங்கள் பிள்ளை எங்கே திரிந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், இவன் போன வாரம் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கினான், வடிகால் தண்ணீரில் இறங்கினான்." சட்டத்துக்கு விரோதமாக வேலைக்கு அனுப்பியதாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து சில பெற்றோர் இதை மறைக்கிறார்கள். டாக்டருக்கு அந்த அக்கறை கிடையாது, அவருக்கு வேண்டியது நோய்க்கான துப்பு.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க நேரம் கடத்தாதீர்கள். மோதிரம், கயிறு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், தள்ளி நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் நல்லது. இங்குள்ள கருநாகம் விஷத்தைத் துப்பவும் செய்யும். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டுப் போங்கள். குளவி ஒன்று இரண்டு கொட்டினால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பத்து இருபது கொட்டினாலோ, உதடு வீங்கி மூச்சு இழுத்தாலோ அடுத்த நிமிடமே கிளம்புங்கள்.

வெயிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பசியாறாமல் காட்டுக்குப் போகக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 11 மணிக்கு மேல் பிள்ளைகள் வீட்டில். வியர்வை நின்று, பேச்சு குளறினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: பெண்பிள்ளைகளும், பேசாமல் இருக்கும் பிள்ளைகளும்

காட்டுக்குள் கழிவறை கிடையாது. அதனால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தனியாக ஒதுங்கப் போவதும் பத்திரமில்லை. இரண்டு பேராக, பெரியவர் ஒருவருக்குத் தெரிந்து போகட்டும். மாதவிலக்கு நாட்களில் வீட்டில் இருக்கட்டும். யாராவது தொட்டுப் பேசினாலோ, பின்னால் வந்தாலோ அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை முன்கூட்டியே கொடுங்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணிலும் உதவி கேட்கலாம்.

அடுத்து நான் எழுதப்போவது கனமான விஷயம். தோட்ட வீடுகளில் இளம்பிள்ளைகள் ஒரு சண்டையில், ஒரு தோல்வியில், ஒரு நிமிட வேதனையில் மருந்து டின்னை எடுத்துவிடுகிறார்கள். அந்த நிமிடம் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். டின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அந்த நிமிடம் கடந்துவிடும். முதல் படியில் பூட்டைப் பற்றி அவ்வளவு சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிள்ளை சாப்பிடாமல், நண்பர்களைத் தவிர்த்து, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரி பேசினால், பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனவேதனையில் இருப்பவர்களோடு பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இரண்டிலும் பேசலாம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோக இனி எந்தக் காரணமும் இல்லை.

மலிவுச் சாராயத்தைப் பற்றிப் பையன்களிடம் ஒளிக்காமல் பேசுங்கள். 2018-இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்துப் பல உயிர்கள் போயின. குடித்த மறுநாள் கண் மங்கினால் அது போதை தெளியாததால் இல்லை, நஞ்சு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எட்டாம் படி: 18 ஆகி முதல் வேலைக்குப் போகும்போது

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை முறையாகத் தோட்டத்திலோ மில்லிலோ சேர்ந்தால், முதல் நாள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) போவதற்கு முன் ஆபீசில் மூன்று கேள்வி கேட்கட்டும். எனக்கு யார் வேலை பழக்குவார்? பூட்ஸ், கையுறை, முகக்கவசம் எப்போது கிடைக்கும்? சொக்சோவில் எந்த மாதத்திலிருந்து பதிவு? கிராணியிடம் (ஆபீஸ் கணக்கரிடம்) மரியாதையாகக் கேட்டால் சொல்வார், தயங்க வேண்டியதில்லை.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொரு உரிமையைத் தந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், வேலையை விட்டு விலகி நிற்கலாம். மின்கம்பிக்குக் கீழே கழி தூக்கச் சொன்னாலோ, பயிற்சி இல்லாமல் மருந்து அடிக்கச் சொன்னாலோ, "அண்ணே, எனக்குப் பழக்கம் இல்ல, யாராவது கூட நின்னு காட்டுங்க" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். புதுப் பையன்களுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வராது, வெட்கம்தான் காரணம். வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும்.

அடிபட்டால், சின்னக் காயமாக இருந்தாலும், அன்றே மண்டோரிடம் சொல்லி ஏட்டில் எழுத வைக்க வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேரும், அதனால் மோட்டாரில் விழுந்த அன்றே போலீஸ் புகார் எழுதி, கிளினிக் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் சொக்சோ, இ.பி.எப். (சேமநிதி) பிடித்தம் இருக்கிறதா என்று அம்மாவோ அப்பாவோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். குத்தகைக்காரரிடம் கைக்காசுக்கு வேலை செய்கிற பிள்ளைக்கு அந்தச் சீட்டே இருக்காது. அப்படியென்றால் பெயர் பதியச் சொல்லிக் கேளுங்கள். பதிய மாட்டேன் என்றால் அந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.